வாரேன் என்று சொன்னால்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த சமயம். என் வீட்டுக்காரர் அங்கே கப்பல் சரக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் கருப்பும் வெள்ளையுமாகச் சடை தொங்கும் நாய் ஒன்றோடு வாசலில் வந்து நின்றார். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தாராம்.

"கோலி சாதி நாய். அங்கன ஆடு மேய்க்குமாம்," என்றார் பெருமையாக.

"இங்கன என்னத்த மேய்க்கும்?" என்று கேட்டேன்.

அவர் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். இரண்டு அறை வாடகை வீட்டில் நானும் அதுவும். ஒரு நிமிஷம் உட்காராது. கடற்கரை வரை கூட்டிப்போய் வந்தால் எனக்கு மூச்சு வாங்கும். அது இனிமேல்தான் கிளம்பப்போகிற மாதிரி வாசலில் நிற்கும். தெருவில் சுவரொட்டி தின்று திரிந்த ஆடுகளையெல்லாம் ஒருநாள் வளைத்து வந்து எங்கள் முற்றத்தில் அடைத்தது. "எக்கா, எங்க ஆட்ட எதுக்கு அடச்சு வச்சிருக்கிய?" என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். நான் எங்கே அடைத்தேன்?

அதற்குத் தெரிந்த தமிழ் ஒரே சொல், 'வா'. நான்தான் பழக்கினேன். அதுவே வினையாகிவிட்டது. நம் ஊரில் கிளம்புகிறவர் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லையே. வாரேன் என்றுதானே சொல்வார்கள்! அதிலிருக்கும் 'வா' காதில் விழுந்ததும் நாய் பாய்ந்து வந்து, குதிகாலைக் கவ்வி, ஆளை உள்ளே ஓட்டும். சபைப் போதகர் ஜெபம் முடித்து "வாரேம்மா" என்றவர், திரும்பத் திரும்ப நாற்காலிக்கே வந்து சேர்ந்தார். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் கால் அதன் வாயில் பட்டது. "நாயா, வீடா? ஒண்ணச் சொல்லுங்க," என்றார்.

கட்டிப்போட்டுப் பார்த்தேன். கயிறு இறுகும்வரை சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு என்னையே பார்க்கும். அடிக்கக் கை வரவில்லை, அழுகைதான் வந்தது.

எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் ஒருவர் வைத்துக்கொள்கிறேன் என்றார். உப்பு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஆடுகளைக் கண்டதும் அது எங்களை மறந்தே போனது. நன்றி கெட்டது என்று வாய்விட்டே திட்டினேன்.

"அப்ப வாரோம் அண்ணாச்சி," என்றார் இவர்.

அவ்வளவுதான். எங்கோ இருந்தது ஓடி வந்து, எங்கள் இருவரையும் வளைத்து ஆடுகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. மறுபடி கிளம்பினோம். பழக்கதோஷம், மறுபடியும் வாரோம் என்றார். ஆட்டுக்காரர் சிரித்தார். இவரால் சிரிக்க முடியவில்லை.

நான் குனிந்து அதன் காதருகில் சொன்னேன். என் அம்மா கேட்டிருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள். சாவு வீட்டில்கூட யாரும் சொல்லாத வார்த்தை.

"நான் போறேன்."

அது பின்னால் வரவில்லை. ரோட்டுக்கு வந்து பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'வா' என்று ஒரு குரல் வரும் என்று, காதைத் தூக்கியபடி அதே இடத்தில் நின்றது.