ராஜம்மாளுக்கு நான் சொன்ன பதில்

சேலத்தில் மில் தொழிலாளர்களுக்கான இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் நான் நர்சாகச் சேர்ந்த அன்று போட்ட முதல் ஊசி ராஜம்மாளுக்குத்தான். ஆட்டையாம்பட்டிக்காரி. நூற்பாலையில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் செக்‌ஷனில் வேலை. சர்க்கரை நோய். தினம் காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டாக வேண்டும். நான் தோளில் போடப் போக, அங்கே கட்டி விழுந்திருப்பதால் தொடையில் போடும்படி அவளே காட்டிக்கொடுத்தாள். நோயைச் சொல்லி அவளுக்குக் கல்யாணம் தட்டிப்போய், டவுனிலேயே அக்கா கண்ணம்மாள் வீட்டில் இருந்தாள்.

அறுபதுகளின் கடைசியில் பஞ்சுத் தட்டுப்பாடு என்று அவள் மில்லை மூடிவிட்டார்கள். சம்பளத்தில் பிடித்துக் கட்டிய இன்சூரன்ஸ் சந்தாவுக்கு இன்னும் சில மாதம் மருந்து உண்டு. அதற்குள் இன்சூரன்ஸ் உள்ள வேறொரு மில்லில் சேராவிட்டால் இன்சூரன்ஸ் கார்டு செல்லாது. பெரியாஸ்பத்திரியில் இன்சுலின் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. கடையில் வாங்க அவளுக்கு வசதியில்லை. கார்டில் இருந்த கடைசித் தேதியை என்னைத்தான் வாசிக்கச் சொன்னாள்.

இரண்டு மில்லில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆள் எடுக்குமுன் மில் டாக்டர் சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சிப் பார்ப்பார். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகிவிடும். அவளுக்கு எப்போதும் செங்கல் நிறம்தான்.

ஒருநாள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, முந்தானையிலிருந்து ஒரு காலி மருந்துச் சீசாவை எடுத்தாள்.

"நர்சம்மா, ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க. உங்க ஒண்ணுக்குக் கொஞ்சம் இதுல புடிச்சுக் குடுங்க. நாளைக்கு மூணாவது மில்லுல கேக்கறாங்க."

வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். அப்பா இறந்து, என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் குரல் தானாகவே கடுமையானது.

"உன் நோய் பூராவும் இங்கே கேஸ் ஷீட்டுல இருக்கு. மில்லுக்குத் தெரியாமப் போயிரும்னு நெனைக்காதே" என்றேன்.

"சரிங்க" என்று சீசாவை மறுபடி முந்தானையில் சுருட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் கேஸ் ஷீட் எந்த மில்லுக்கும் போவதில்லை. அது எனக்குத் தெரியும். அவளை அங்கிருந்து அனுப்புவதற்காக வாயில் வந்ததைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் ஊசிக்கு வரவில்லை. அந்த மில்லில் வேலை கிடைத்துவிட்டதாக ரீலிங் பெண்கள் சொன்னார்கள். மில்லுக்குப் பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கார்டை மாற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, யாரையும் கேட்கவில்லை. சீசா பேச்சு வெளியே வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அக்கா கண்ணம்மாள் வந்தாள். ராஜம்மாள் ரீலிங் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்து, பெரியாஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே முந்தின நாள் இறந்துவிட்டாள். சீசாவில் சிறுநீர் கொடுத்தது கண்ணம்மாள்தானாம்.

"வேலை கெடச்சுதுங்க, கார்டும் செல்லுபடியாத்தான் இருந்துச்சு. ஊசிக்குப் போடின்னு தெனமும் சொன்னேன். அங்க போனா மில்லுக்கு எழுதிப் போட்ருவாங்கன்னு போகவே மாட்டேன்னுட்டா" என்றாள்.

அப்படி யாரும் எழுத மாட்டார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈமச் செலவுக்கு இன்சூரன்ஸில் என்ன எழுதித் தர வேண்டும் என்று கேட்டாள். படிவத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்தேன்.

நான் அந்தச் சீசாவை வாங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் முடியாது என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மருந்து கொடுக்கும் இடத்தில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: மறுக்க வேண்டியதை மறுத்துவிடுங்கள். ஆனால் நோயாளி மறுநாள் வரப் பயப்படும்படி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். அப்படியும் வராவிட்டால், ஆள் அனுப்பிக் கேளுங்கள்.