கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு பூட்டிய அறை

சென்ற நவம்பரில் கம்பம்மெட்டு போனேன். மாநிலங்களைப் பிரித்து, மலைக்கு மேலே கேரளம் என்றான மறுவருஷம். ஊர் சுற்றப் போகவில்லை. ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் என் தங்கை எஸ்தரின் புருஷன் காய்ச்சலில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளையும் கைக்குழந்தையையும் ஊருக்குக் கூட்டிவரலாம் என்று கிளம்பினேன்.

கம்பத்தில் காலை ஏழு மணிக்கு ஜீப். ஆளுக்கு ஒரு ரூபாய். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேர். (கேட்டால், "மேல போயிச் சேரணுமா வேணாமா சார்?" என்கிறார் டிரைவர்.) மெட்டில் இறங்க ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து தோட்டத்துக்கு நாலு மைல் நடை.

தோட்டத் தொழிலாளிகளின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் தங்கையின் அறை பூட்டிக் கிடந்தது. ஆண் இல்லாத குடும்பத்துக்கு அறை கிடையாது என்று மேனேஜர் பூட்டிவிட்டாராம். தினமும் காய் பறிக்கிறவள் அவள். அறை மட்டும் செத்தவன் பேரில்! தகரக்கூரை போட்ட ஜெபக்கூடத்தில் பிள்ளையோடு படுத்துக்கொண்டிருந்தாள். அதே கூடத்தில் ஞாயிறுதோறும் முன்வரிசை நாற்காலியில் வேதப்புத்தகத்தோடு வந்து உட்காருகிறவர் அந்த மேனேஜர்.

"போதும்மா. மூட்டையக் கட்டு," என்றேன்.

"ஊருக்கு வந்தா கஞ்சி ஊத்துவீங்க, தெரியும்ணே. எனக்கு ஞாயம் வேணும். வேதத்துல ஒரு விதவை, நியாயாதிபதிகிட்ட விடாமப் போயி நின்னாள்ல? அவள நெனச்சுக்கிட்டுத்தான் தெனமும் காலையில ஆபீஸ் வாசல்ல போயி நிக்கிறேன்."

"இவன் மனசு கல்லும்மா."

"அந்த நியாயாதிபதியும் அப்படித்தானேண்ணே இருந்தாரு. கடைசியில ஞாயம் செஞ்சாரே."

மறுநாள் நானும் கூடப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்து, "தங்கச்சியப் பொறுமையா இருக்கச் சொல்லுங்க. கர்த்தர் பாத்துக்குவாரு," என்றார். ஆத்திரத்தில் நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். எஸ்தர்தான் நிதானமாகச் சொன்னாள்: "கர்த்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு சார். நீங்க சாவியக் குடுங்க."

வேலைக்குப் போகக் கூடையோடு நின்ற பெண்கள் அதைக் கேட்டார்கள். ஒருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும். கோயிலுக்குப் போகிறவர்கள், ஜெபக்கூடத்துக்கு வருகிறவர்கள் என்ற பேதமே இல்லை. விட்டால் காய் செடியிலேயே பழுத்து வெடித்துவிடும் பருவம். வெயில் ஏறுவதற்குள் சாவி வந்தது. வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஏதோ தர்மம் போடுவதுபோல வீசிவிட்டுப் போனார்.

நான் தனியாகவே திரும்பினேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கம்பளியும், அட்டைக்கடிக்கு உப்பும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குமேல் கீழே இறங்க வண்டி கிடைக்காது. ஏலச்செடியின் அழகைப் பார்த்த கையோடு லயங்களையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கிளம்பிய அன்று காலை, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எஸ்தர் ஜெபித்தாள். நன்றி சொன்னாள். கூட உட்கார்ந்த பெண்களுக்காகக் கேட்டாள். மேனேஜரின் மனசு இளகவும் கேட்டாள். ஆறுதல் சொல்லப் போனவன் நான். அவள் குரலில் இருந்த தெம்பு எனக்கு இல்லை. அந்தக் கடைசி வேண்டுதலுக்கு மட்டும் என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. இன்னும் முடியவில்லை.