குடிலைப் பிரித்த நாள்

எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், ஏணிமேல் நின்றபடியே சொன்ன கதை இது.

பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போன தன் மனைவி, கிறிஸ்துமஸுக்குள் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டுமென்று அவர் விழுந்து விழுந்து செபித்திருந்தார். பண்டிகை போனது, பேச்சு வரவில்லை. ஜனவரியில் கோவிலின் சீரியல் விளக்குகளைக் கழற்றப் போனபோது, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவுகட்டியிருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மனைவியையும் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார்.

விளக்குகளோடு கிறிஸ்துமஸ் குடிலையும் பிரித்து, பொம்மைகளைப் பேப்பரில் சுற்றும்போது குழந்தை இயேசுவைக் காணோம். திரும்பினால், மனைவி தன் விளங்காத கையில் அதைக் கிடத்தி, நல்ல கையால் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"பண்டிகைதான் முடிஞ்சுபோச்சே, குடும்மா."

அவள் சிரித்தபடி தலையாட்டி மறுத்தாள். அந்த முகத்திலிருந்த வெளிச்சத்தை இத்தனை வருஷ வேலையில் அவர் எந்த விளக்கிலும் பார்த்ததில்லை. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

"என்னப்பா, பெட்டியில பிள்ளையைக் காணோம்?" என்றார் ஃபாதர்.

"அவரு இன்னும் டூட்டியில இருக்காரு ஃபாதர்."

இன்றுவரை அவள் பேசவில்லை. ஞாயிறுதோறும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கோவிலுக்கு வந்துவிடுகிறார்.