இட்டேரியும் தெருதான்

தோட்டத்துக்காரர் இட்டேரியில் இரும்பு கேட் போட்டபோது எங்கள் அக்காவுக்கு எட்டாம் மாதம். அவிநாசிக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வளவு. அங்கே இருந்த எல்லாக் குடும்பமும் ஒரு காலத்தில் அவர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள்தான். ரோட்டுக்கு வர இருந்தது அந்த இட்டேரி ஒன்றுதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண் தடம்.

"நடந்து போறத ஆரு வேண்டாம்னாங்க? ஓரமா சந்து உட்டிருக்குது பாரு. வண்டிதான் போகக்கூடாது" என்றார். வாழை போட்டிருந்தாராம், வண்டிகள் வேலியை இடிக்கின்றனவாம். அவருக்கு வாழை பெரிது. எங்களுக்கு அக்கா பெரிது. முதல் பிரசவத்துக்கு மழையில் தடம் சேறாகி, அவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு ரோடு வரைக்கும் தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரி சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. பிறந்த குழந்தை அழவே இல்லை. அதற்கப்புறம் பஞ்சாயத்துக்காரர்கள் மண் கொட்டி, ஆட்டோ வருகிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். அந்தத் தடத்தைத்தான் இப்போது பூட்டினார். இன்னொரு தடவை கட்டில் தூக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

எனக்கு அப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. லீவு போட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். வைத்துக்கொள்ளட்டும் என்று அம்மாவையும் இழுத்துக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். நிர்வாக அலுவலர் நல்ல மனுசன்தான், ஆனால் புத்தகத்தில் இல்லாததை வாயால் சொல்ல மாட்டார். விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அங்கேதான் போட்டிருக்குமாம். நான் அதுவரைக்கும் தெரு என்றால் தெரு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தார்கள்! பொதுத் தெரு என்பது சாலை, சந்து, நடைபாதை எல்லாவற்றையும் சேர்த்ததாம். மறுமுனை அடைத்திருந்தாலும் தெருதானாம்.

"அப்ப எங்க இட்டேரியும் இதுல வந்துருதுங்களே!" என்று துள்ளினேன்.

"பொறும்மா. முழுசாப் படிக்கணும்ல?" என்று விரலை நகர்த்தினார். "பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ளதுன்னு இருக்கு. நடந்தா மட்டும் பத்தாது, உரிமை இருக்கணும்."

அடுத்த வாரம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார். தோட்டத்துக்காரர் வேட்டி மடிப்பு கலையாமல் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "அது எங்க தடமுங்க. இவங்க ஒருத்தரும் என்னைக் கேக்காம போனதில்லீங்க. வேணும்னா இவங்கம்மாவையே கேளுங்க."

கேட்டார்கள். எங்கள் அம்மாவுக்குப் பொய் வராது. "ஆமாங்க, கேட்டுட்டுத்தானுங்க போவோம்" என்று சொல்லிப்போட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கேட்டுக்கொண்டு போனால் அது அவர் விட்ட வழி, உங்கள் உரிமை என்று எப்படிச் சொல்வது என்று அலுவலர் பேனாவை மூடிவிட்டார். யோசித்துச் சொல்கிறேன், மறுபடி வாருங்கள் என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வயலில் ஒரு ஆள் நின்றால் வாயைத் திறக்காமல் கடந்து போக மாட்டோம். "ஏனுங்க, இப்படிப் போயிக்கறேனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கால் எடுத்து வைப்போம். அவர் தலையாட்டினால் ஆட்டுவார், இல்லாவிட்டால் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதிலுக்கு எங்களுக்கு ஒரு 'ங்க' வந்து நான் கேட்டதில்லை. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே எரிச்சல்.

இனிமேல் ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது என்று வளவு முழுக்கச் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையிலேயே எங்கள் அம்மா புல்லுக்கட்டோடு, "போயிக்கறேனுங்க" என்று குனிந்து போகிறாள்!

"ஏம்மா, உனக்குச் சொன்னா மண்டையில ஏறாதா?"

"மனுசன் நிக்கறப்ப பேசாம போறதுக்கு நாம என்ன மாடா கண்ணு? வாயில தானா வந்துருது, நான் என்ன பண்ணட்டும்?"

மறுபடி போகிற நாள் வந்தது. அக்காவுக்குக் கால் வீங்கியிருந்தது. இன்றைக்கு ஒரு முடிவு தெரியாமல் அந்தப் படியை விட்டு இறங்குவதில்லை என்று போய் நின்றேன். அலுவலர் ஆபீசுக்கு முன்னால் கடைவீதி ரோட்டில் காண்டிராக்டர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் வழி. துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லேசாகக் குனிந்து, "கொஞ்சம் இப்படிப் போயிக்கறேனுங்க" என்றார்.

"ஏனுங்க சார், இந்த ரோடு உங்களுதுங்களா?" என்று அலுவலரைக் கேட்டேன்.

"என்னம்மா கேக்கற?"

"இவரு உங்களக் கேட்டுட்டுத்தானுங்களே போறாரு! அப்ப இது நீங்க உட்ட வழிங்களா? நாளைக்கு நீங்க வேண்டாம்னா இவரு கடைவீதிக்கு வரமாட்டாருங்களா?"

காண்டிராக்டர் சிரித்துவிட்டார். அலுவலர் சிரிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து அதே பக்கத்தைப் பிரித்து, தோட்டத்துக்காரரைப் பார்த்துக் கேட்டார். "இவங்க கேட்டப்போ எப்பவாவது போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அதெப்படிங்க சொல்றது? எங்கப்பங் காலத்திலிருந்து போயிட்டு வர்றாங்க. வழிய மறிக்கற ஆளுங்களா நாங்க?"

"அதத்தான் நானும் எழுதப்போறேன்" என்று அலுவலர் பேனாவைத் திறந்தார். கேட்டது மரியாதைக்கு, அனுமதிக்கு இல்லை. இட்டேரி பொதுத் தெருவில் அடங்கும், கேட்டை எடுக்க வேண்டும். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் உட்காரவில்லை. வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று அழுதேன். கோபமா, சந்தோசமா, இரண்டும்தான்.

கேட்டைக் கழற்றிய அடுத்த வாரம் மத்தியானம் அக்காவுக்கு வலி வந்தது. ஆட்டோ வாசல் வரைக்கும் வந்தது. நானும் அம்மாவும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். கேட் இருந்த இடத்தில் தோட்டத்துக்காரர் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி எங்கள் அம்மா கத்தினாள். "ஏனுங்க, போயிக்கறேனுங்க!"

பதிலுக்காக அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ அவரைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தோம். மூடின கதவுக்கு அந்தப்பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது.