மூன்றாம் மாடியில் இறங்குகிறவன்

பிளாட்டுக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்.

குளத்தூரில் எங்கள் வீடு ஒரு சரிவில் இருந்தது. ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்கப் பதினாறு படி. கிணற்றுக்கு இன்னும் ஒன்பது. மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன் முடிந்ததும், இனிமேல் படி என்கிற சொல்லே கூடாது என்றார் டாக்டர். நான் அப்போதுதான் தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். முப்பது வருஷம் ஃபைலில் குறிப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? பிளாட் வாங்குவதற்குப் பதினோரு காரணங்களை ஒரு நோட்டில் எழுதி அவள் முன்னால் வைத்தேன். "எனக்கு மண்ணில கால் வைக்கணும்" என்று ஒரே வரியில் அவள் அத்தனையையும் தள்ளினாள். பிறகு முட்டி வலித்தது. சம்மதித்தாள்.

பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் பக்கம், நான்காம் மாடி, லிஃப்ட் உண்டு.

பழைய வீட்டை வாங்கிக்கொள்ள என் சித்தப்பா மகன் தயாராக இருந்தான். பக்கத்து வீட்டுக்காரனும் அவன்தான். கார் போகாத வீட்டுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவன் மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணன் மூணு மாசம் அங்க போய் இருந்து பாருங்க. பிடிக்கேல்லைன்னா திரும்பி வாங்க. பிடிச்சா எனக்குத் தாங்க. அதுக்குமேல என்னால காத்திருக்க ஒக்காது. அமரவிளையில ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன், அதை முடிச்சிருவேன்."

அந்த மூன்று மாதம் முடியும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. விற்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மண்ணில் கால் வைக்க வேண்டும் என்றவள் மூன்றாவது வாரமே குடியிருப்போர் சங்கத்தில் ஏதோ ஒரு கமிட்டியில் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் மொட்டைமாடியில் நான்கு பெண்களோடு நடை. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நானோ காலை ஏழு மணிக்குப் பேப்பரை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வீட்டில் விடிந்தால் எனக்கு வேலை உண்டு. மோட்டார் தண்ணீர் எடுக்காது, தேங்காய் பறிக்க ஆள் வரமாட்டார், மரப்பட்டி என்கிற மரநாய் கூரை ஓட்டைப் புரட்டும். ஒவ்வொன்றையும் குறை சொல்லி முடிப்பதற்குள் மத்தியானமாகிவிடும். இங்கே எதுவுமே பழுதாவதில்லை.

அதற்காக நான் அந்த வீட்டை நினைத்து ஏங்கவும் இல்லை. ஏங்கியிருந்தால் விஷயம் எளிது; திரும்பிப் போய்விடலாம். அங்கே இருந்தவன் வேறு யாரோ போலவும், இங்கே இருப்பவன் இன்னும் வந்து சேராதது போலவும் இருந்தது. நிறையப் புத்தகம் படித்தவன் நான். இந்த நிலைமைக்கு எதிலும் ஒரு வரி கிடைக்கவில்லை.

இந்தக் குழப்பம் காலிலும் இறங்கியது. லிஃப்ட் எங்கே கதவு திறந்தாலும் நான் இறங்கிவிடுவேன். கதவு திறந்தால் இடம் வந்துவிட்டது என்று அர்த்தம்; பஸ்ஸில் அப்படித்தானே? மூன்றாம் மாடியில் யாரோ பட்டனை அமுக்கியிருப்பார்கள். நான் இறங்கி, என் வீட்டுக்கு நேர்கீழே இருக்கிற வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகுவேன். இரண்டு மாதத்தில் மூன்று முறை.

மூன்று முறையும் திறந்தவர் என் வயதுக்காரர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், மனைவியை இழந்தவர், அமரவிளையிலிருந்து வந்தவர். "சாரமில்ல சாரே, ஆர்க்கும் பற்றும்" என்று மலையாளத்தில் சிரிப்பார். யாருக்கும் இப்படி நேரலாம் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். நானும் ஆபீஸ் மலையாளத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாடி ஏறுவேன். வழியில் பார்த்தால் மழை, கரண்ட், ரயில் தாமதம் எல்லாம் மலையாளத்தில்தான்.

எங்கள் கேரள எல்லைப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே பெரும்பாலோருக்குத் தமிழ், மலையாளம் இரண்டு பாஷையும் உண்டு. அறிமுகமில்லாத ஆளிடம் மரியாதைக்கு மலையாளத்தில் தொடங்குவோம். முதல் நாள் எந்தப் பாஷையில் வாய் திறந்தோமோ, அந்த உறவு கடைசி வரை அந்தப் பாஷையில்தான் ஓடும். நடுவில் மாற்றுவது, சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் விருந்தாளி திடீரென்று சட்டையைக் கழற்றுவது மாதிரி.

நான்காவது முறை, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு, சாவியைப் போட்ட கையோடு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர் போனில் யாரையோ பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"எலே, சன்னல தொறந்து போட்டுட்டா போனே? மழை அடிச்சா உன் அப்பனா வந்து தொடைப்பான்? நீ ஒண்ணும் செய்யாண்டாம் மக்கா. செவ்வாக்கெழம நானே வாறேன்."

சுத்தமான நம்ம ஊர்த் தமிழ். கதவு திறந்தது. போன் காதில், அவர்; சாவி கையில், நான். என் வாயிலிருந்து தமிழ் வந்துவிட்டது.

"நீங்க நம்ம ஆளாக்கும்!"

அவர் போனை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு மாதமாக நான் பார்த்த சிரிப்பு போய்விட்டது. "ஓய், உமக்குக் கண்ணு தெரியாதா? நாலு மட்டம் என் பூட்டைத் திருகிப்போட்டீரே. சாவி இப்பம் எனக்கே உள்ள போக மாட்டேங்கு."

"ஆர்க்கும் பற்றும்னு சொன்னீங்களே?"

"அது மலையாளத்தில சொன்னது. உள்ள வாரும்."

பாலில்லாத கட்டன்சாயா போட்டார். அந்தப் போன் அவருடைய மருமகனுக்கு, அதாவது தங்கை மகனுக்கு. அமரவிளை வீட்டை அவர் விற்கவில்லை. இரண்டு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் போய்ச் சன்னல்களைத் திறந்து வைப்பார். சாயங்காலம் அடைத்துவிட்டு வருவார். இந்த வாரம் மட்டும் மருமகனை அனுப்பியிருந்தார்.

"நடுவில என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? தொறந்த சன்னலுக்கு முன்னால இருப்பேன்."

நான் என் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். "விக்காதேயும்" என்றார் உடனே. சாயாவில் இரண்டு வாய் குடித்தார். "வித்துரும்" என்றார். எது என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பஸ் ஏறப்போறேன்?"

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். "உங்க முடிவாக்கும். பதினோரு காரணம் எழுதினது நீங்க" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிறு பதினொரு மணிக்குச் சித்தப்பா மகன் தம்பி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "அண்ணன் என்ன சொல்லுதிய?" என்றான். மனைவி எதிரே, அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் வாதாடத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண்முன்னால் வந்தது ஒரே காட்சி. குளத்தூரில் எங்கள் முன்னறை, எல்லாச் சன்னலும் திறந்து, நடுவில் ஒரு நாற்காலி, அதில் நான், ஒரு வேலையும் இல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று பார்த்துக்கொண்டு.

"எடுத்துக்கோ தம்பி" என்றேன். என் குரல் பக்கத்து அறையிலிருந்து வந்தது போலிருந்தது.

மனைவி அழுதாள். கண் கலங்குவதல்ல, தோள் குலுங்க, சத்தமாக. மூன்று மாதத்தில் நான் பார்க்காத அழுகை.

"நீதானே இங்க சந்தோஷமா இருந்தே?" என்றேன்.

"இருந்தேன். இப்பமும் இருக்கேன்."

"பின்ன?"

"சந்தோஷமா இருக்கப்பட்டவ அழப்படாதா?"

தம்பி எழுந்து நின்றுவிட்டான். "மதினி, மனசில்லைன்னா வேண்டாம். நான் அமரவிளை எடத்தையே பாத்துக்கிடுதேன்."

"மனசில்லைன்னு ஆரு சொன்னா? நீ வீட்டை எடுத்துக்கோ. நான் அழுதுக்கிடுதேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவள் சொன்னதற்கா, அழுததற்கா, நான் சொன்னதற்கா என்று அவன் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவன் கேட்கவில்லை. பத்திர எழுத்துக்கு நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டினான்.