கிளட்சில் தேங்காயெண்ணெய்

என் பழைய காரின் கிளட்சை மிதிக்க என் இடது முழங்கால் மறுத்துவிட்டது. ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை ஏது? கேபிளைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் கிளட்ச் பொருத்தினேன். பெடலை மிதித்தால் திரவம் தள்ளும், கிளட்ச் விலகும். முறைப்படி காற்று நீக்கி, முறைப்படி சோதித்தேன். முறை என்ற சொல்லைக் கேட்டாலே என் மனைவி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இந்தத் தடவை போகாமல் நின்று நிபந்தனை வைத்தாள். "எந் தங்கச்சி மவ கல்யாணத்துக்கு மாமன் மாலை இந்தக் காருல வரட்டு. தாலி கெட்டுகதுக்கு முன்ன வந்துட்டா காரு வீட்டுல இருக்கட்டு. இல்லேன்னா வித்துரணும்."

பெண்ணுக்கு மாலை போடவேண்டிய அந்த மாமன் அவளுடைய தம்பி. அருமனையில் ரப்பர் தோட்டம். கல்யாணத்தன்று காலையில் நானும் அவனும் தோவாளைப் பூச்சந்தைக்குப் போனோம். மாலைக் கூடையைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டுப் பெடலை மிதித்தேன். அது தரையோடு படுத்துக்கொண்டது. கியர் கரகரத்தது.

"முறைப்படிதானே அத்தான் பூட்டுனிய?" என்றான் மைத்துனன்.

கசிவு இல்லை. காற்று புகுந்திருந்தால், திரும்பத் திரும்ப மிதிக்கும்போது பெடல் கொஞ்சமாவது இறுகும், அதுவும் இல்லை. கடைசியில் திரவக் குப்பியின் மூடியைத் திறந்தேன். முறுக்குச் சுடும் வாசனை வந்தது. என்னைத் தவிர அந்த மூடியைத் திறக்கக்கூடியவன் மைத்துனன் ஒருவன்தான்.

"இதுல என்னதுலே ஊத்துன?"

"போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப பாத்தேன், கொறவா இருந்து. நம்ம செக்குத் தேங்காயெண்ணெதான் அத்தான். ஒரு சொட்டு கலப்படம் கெடயாது."

"உள்ள இருக்கது ரப்பர் வாஷர். எண்ணெ பட்டா ஊதிக் கெட்டுப்போவும். ரப்பர் மொதலாளிக்கு இது தெரியாதா?"

"நாங்க ரப்பர் பால எடுத்து விக்கதோட சரி."

கிளட்ச் இல்லாமல் ஓட்டவும் ஒரு முறை உண்டு. முதல் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் கார் துள்ளிக் கிளம்பும். பிறகு எஞ்சின் இரைச்சலைக் கேட்டுக் கியர் மாற்றவேண்டும். நிறுத்தினால் எஞ்சினும் நின்றுவிடும். நாகர்கோவிலுக்குள் சிக்னலுக்குச் சிக்னல் தவளைபோலத் துள்ளினோம். மைத்துனன் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "மாறுங்க, மாமன் மாலை!" என்று கத்தினான். போக்குவரத்துக் காவலரே மாறினார்.

மண்டப வாசலில் கார் ஒரு குதி குதித்து அடங்கியது. கெட்டிமேளம் இன்னும் கொட்டவில்லை. மனைவி கூடையை வாங்கி முகர்ந்தாள். "பிச்சிப்பூவுல என்ன, எண்ணெ மணக்கு?"

மைத்துனன் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். நான் முறைப்படி விளக்கத் தொடங்கினேன்.

"போதும். காரு இருக்கட்டு," என்றாள். "ஏலே, பந்தியில நீ சாம்பார் வெளம்பு. எண்ணெ, நெய் எதையும் தொடப்பிடாது."