நேர்கோட்டாரும் சோனார் மழையும்

அவர் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் அவரை, 'கடற்கலங்களில் மின்னணுக் கருவிகளை நிறுவவும் பராமரிக்கவும் தகுதி பெற்ற கடல்சார் வல்லுநர்' என்று அறிவிக்கிறது. அதில் 'கடல்' வரும் இடங்களைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. கரையில் நின்று பார்க்கும்வரை கடலோடு அவருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. படகின் கயிற்றை அவிழ்த்தால் போதும், அவர் வயிறும் சேர்ந்து அவிழ்ந்துவிடும். ஆகவே கடல்சார் வல்லுநர் தம் தொழிலைக் கட்டிப் போட்ட படகுகளிலேயே நடத்திவந்தார். டாக்டர் நோயாளியைப் படுக்க வைத்துத்தானே பார்க்கிறார், ஓடவிட்டா பார்க்கிறார் என்பது அவர் கட்சி.

துறைமுகத்தில் அவருக்கு நேர்கோட்டார் என்று பெயர். முகத்துக்கு நேரே 'சார்'. அவர் வயர் இழுத்தால் நூல் பிடித்தாற்போல் இருக்கும். மற்றவர்கள் வேலை செய்த படகில் மேல்பலகையைக் கழற்றினால் கோழி கிளறிய குப்பை கண்ணில் படும். இவர் வேலை செய்த படகில் எல்லா வயரும் ஒரே கற்றையாக, சாணுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, டையின் வால்கள் ஒரே பக்கம் பார்க்க, பள்ளிக்கூட வரிசை மாதிரி போகும். வீட்டிலும் செருப்புகள் அணிவகுத்துத்தான் நிற்கும். "என் மேலயும் ஒரு டை போட்டிருப்பாரு. நான்தான் நின்ன இடத்துல நிக்க மாட்டேனே!" என்பாள் மனைவி.

அந்த மனைவிக்கு ஓர் அண்ணன். மீன்பிடிப் படகில் இன்ஜின்காரர். முடி நரைத்தாலும் கை நகம் வெளுக்காத தொழில். மைத்துனர்கள் இருவருக்கும் பகை என்று சொல்ல முடியாது. ஆனால் கடைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து ஆணி அடித்து வைத்திருந்தார் நேர்கோட்டார். இன்ஜின்காரர் ஒருமுறை ஸ்பேனரை இரவல் வாங்கிப்போய், திருப்பித் தரும்போது அதைக் கத்தரிக்கோலின் உருவத்தில் மாட்டிவிட்டார். சிலரால் துரோகத்தைக்கூட மன்னிக்க முடியும், இதை முடியாது.

இருந்தும், அந்த மீன்பிடிப் படகின் முதலாளியான படகுக்காரர் புது சோனார் வாங்கியபோது, "நம்ம மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க, கை சுத்தம்" என்று சிபாரிசு செய்தவர் இன்ஜின்காரர்தான். நேர்கோட்டார் வந்தார், பொருத்தினார். படகின் அடியில் சென்சார், மேலே ஓட்டும் அறையில் திரை. சென்சார் கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். அது மீனிலும் தரையிலும் பட்டுத் திரும்பினால் திரையில் நிறமாக விழும். கட்டிய படகில், இன்ஜினை அணைத்து வைத்துப் பரீட்சை பார்த்தார். துறைமுகத்தின் சேறு அழகாகத் தெரிந்தது.

ஆழ்கடலில் அந்தத் திரையில் மழை பெய்தது. மேலிருந்து கீழ்வரை புள்ளியும் கீறலுமாக, மீன் எது தூசி எது என்று தெரியாமல் ஒரே சரம்.

"சார், டிவியில அடைமழை!" என்று வந்து நின்றார் படகுக்காரர்.

நேர்கோட்டார் கட்டிய படகில் ஏறி, கெய்ன் என்ற திருகைக் குறைத்து, இரைச்சலை வடிகட்டும் திருகை முழுக்கக் கூட்டிவிட்டார். ஆழத்திலிருந்து வரும் எதிரொலி கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடும் குரல் மாதிரி மெலிந்தது. கெய்ன் அதைப் பெரிதாக்கும், கூடவே வரும் இரைச்சலையும் பெரிதாக்கும். மீனும் இரைச்சலும் ஒரே வாசலில்தான் வருகின்றன. சாத்தினால் இரண்டுமே வெளியே நிற்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் சுத்தமான திரையைப் பார்த்தால் அவருக்குப் பாதி அறிவு வேலை செய்யாது.

அடுத்த முறை படகு திரும்பியது. "சார், டிவி பளிங்கு மாதிரி இருக்கு," என்றார் படகுக்காரர். "ஐஸ் பெட்டியும் அப்படியேதான் இருக்கு. பக்கத்துப் படகு நாங்க போன அதே வழியில வந்து அள்ளிட்டுப் போறான். நாங்க உங்க டிவியைப் பாத்துக்கிட்டே போறோம்."

ஆட்கள் சிரித்தார்கள். நேர்கோட்டாருக்குக் காது சிவந்தது.

"கருவியில குத்தமில்ல. என் வேலையிலயும் குத்தமில்ல," என்றார். "இன்ஜின் நின்னா திரை சுத்தம், ஓடுனா மழை. அப்புறம் என்ன சந்தேகம்? போல்ட் தளர்ந்து ஆடுற இன்ஜின். இருமுறவன் பக்கத்துல உக்காந்து ரகசியம் கேக்க முடியுமா? இன்ஜினை ஒழுங்கா வெச்சிருந்தா இது வந்திருக்காது."

இன்ஜின்காரர் அங்கேதான் நின்றார். கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

படகுக்காரர் மோசமான ஆள் இல்லை. ஆனால் வெறும் பெட்டியோடு திரும்பியவருக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. "அண்ணே, இந்த வாரம் முடியட்டும். அப்புறம் இன்ஜினுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

நல்ல செய்திக்குத்தான் கால் வலிக்கும். இந்தச் செய்தி நேர்கோட்டாருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏங்க, எங்க அண்ணன் வேலையைத் தின்னுட்டு வந்தவருக்குச் சோறு வேற வேணுமா?" என்றாள் மனைவி.

"நான் உண்மையைச் சொன்னேன்."

"படகு ஓடும்போது நீங்க பாத்தீங்களா?"

"இன்ஜின் சத்தம்னா..."

"பாத்தீங்களா, இல்லையா?"

"இல்லை."

"பாக்காம சொன்னா அதுக்குப் பேரு உண்மை இல்லீங்க, ஜோசியம். இந்த வயசுல அவரை எவன் படகுல ஏத்துவான்? அந்த இன்ஜினை விட்டா அவருக்கு வேற என்ன தெரியும்?"

 அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் மனிதர்கள் தங்களுக்கே கேடு செய்துகொள்வார்கள். அவர், "சரி, நானே போய்ப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

விடிந்ததும் கருவிப் பெட்டியோடு படகடியில் நின்றவரை இன்ஜின்காரர் கைகொடுத்து ஏற்றினார். "வாங்க மாப்பிள்ளை. என்னை அடக்கம் பண்ண நேர்லயே வந்துட்டீங்களா?"

துறைமுகச் சுவர் பின்னால் போனதும் நேர்கோட்டார் வளைந்தார். பக்கவாட்டுப் பலகையில் மடங்கி, நேற்று சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் கடலுக்குக் கொடுத்தார். இன்ஜின்காரர் பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய எடுங்க மாப்பிள்ளை, வெளிய. உள்ள எடுத்தா நான்தான் கழுவணும். இந்த வாரம்வரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்கு."

ஆழம் வந்தது. நேர்கோட்டார் சுவரைப் பிடித்தபடி ஓட்டும் அறைக்குப் போய் கெய்னைக் கூட்டினார். மழை கொட்டியது. "அணைங்க" என்றார். இன்ஜின் நின்றது, மழையும் நின்றது. "போடுங்க." மீண்டும் மழை.

"பாத்தீங்களா?" என்றார் படகுக்காரரிடம். வெளுத்த முகத்தில்கூட வெற்றிக்கு இடம் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவர் உருப்படியாக வேலை கற்றவர். ஒரு பரீட்சையைப் பாதியில் விட அவர் கை கேட்காது. இன்ஜின் சுற்றும்போது அதோடு ஆல்டர்னேட்டரும் சுற்றி பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"மச்சான், இன்ஜினை நிறுத்திட்டு ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழட்டுங்க. அப்புறம் போடுங்க."

"வேற ஏதாவது கழட்டணுமா? என் சட்டை?" என்று கேட்டுக்கொண்டே இன்ஜின்காரர் கழற்றினார். இன்ஜின் மீண்டும் உறுமியது. பலகைகள் அதிர்ந்தன, டம்ளர் ஆடியது, போல்ட்டுகள் தங்களால் ஆனமட்டும் இரைந்தன.

திரையில் ஒரு தூறல்கூட இல்லை.

"மழை விட்டிருச்சு!" என்று கத்தினார் படகுக்காரர். "அப்ப இன்ஜின் இல்லையா? ஆல்டர்னேட்டரா? அதுவும் அண்ணன் பாக்கற சாமான்தானே?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். நேர்கோட்டாரின் வேலை, பெயர், சான்றிதழ் எல்லாம் கரைசேர்ந்துவிடும். அவர் தலையாட்டவில்லை. மேலே பார்த்தார். மேல்பலகையைக் கழற்றினார். உள்ளே அவருடைய கற்றை, அப்பழுக்கில்லாமல் ஓடியது. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த வயரும், எதிரொலியைச் சுமந்து வரும் மெல்லிய சென்சார் வயரும், புதுமணத் தம்பதி மாதிரி, அடியிலிருந்து திரைவரை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தன. தடித்ததின் இரைச்சல் மெல்லியதில் ஏறியது. கோழி கிளறிய குப்பையாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

கத்தரிக்கோலை எடுத்தார். வெள்ளை டைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சென்சார் வயரைப் பிரித்து எதிர்ச்சுவருக்கு இழுத்து, ஜன்னலுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிட்டு, பழைய வலைக் கயிற்றால் கட்டினார். அறுந்த துணிக்கொடி மாதிரி தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டச் சொன்னார்.

இன்ஜின் ஓடியது, ஆல்டர்னேட்டர் ஓடியது, திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும் விழுந்தன. அவற்றையும் துடைக்க விரல் துடித்தது. வடிகட்டும் திருகைத் தொடாமல் விரலை மடக்கிக்கொண்டார். புள்ளிகளுக்கு நடுவே, தரைக்குச் சற்று மேலே, சிவப்பாகத் தடித்த ஒரு தீற்றல் எழுந்தது.

"தப்பு என்னோடது," என்றார். "வயரை நான்தான்..."

"கூட்டம்டா! வலையை எடுங்கடா!" என்று படகுக்காரர் பாய்ந்தார். ஆட்கள் ஓடினார்கள். வாக்குமூலம் இன்ஜின் சத்தத்தில் கரைந்துபோனது. நேர்கோட்டாரும் திரும்பவும் பக்கவாட்டுப் பலகைக்குப் போனார், வயிற்றில் இனி ஒன்றும் இல்லை என்று கடலுக்கு நிரூபிக்க.

கரையில் பெட்டிகள் இறங்கின. படகுக்காரருக்கு வாயெல்லாம் பல். "சார், நீங்க கெட்டிக்காரர். அந்த ஆல்டர்னேட்டரை மட்டும் புதுசா வர்ற ஆள்கிட்ட பாக்கச் சொல்லிடறேன்."

யாருக்கும் ஒன்றும் தெரியாது. இன்ஜின்காரருக்கே அரைகுறையாகத்தான் தெரியும். அவர் தம் துணிப்பையில் சொந்த ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தார், தாறுமாறாக.

நேர்கோட்டார் கால் இன்னும் தரையில் நிலைக்காமல், ஒரு மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன முறை சிரித்த அதே ஆட்கள் சுற்றி இருந்தார்கள். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, இன்ஜினும் நன்றாக இருக்கிறது, இரண்டு வயரையும் ஒன்றாகக் கட்டியது நான், பார்க்காமலே மச்சான் மேல் பழி போட்டதும் நான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். படகுக்காரர் புது ஆளை வைக்கவில்லை.